கோட்டைச் சுவரில் நம் பெயர் இல்லை

(சிறுவாச்சூரில் விவசாயத் தொழிலாளர், மில் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றிப் பேசுவார்கள், ரேஷன் கடையைப் பற்றிப் பேசுவார்கள் என்று எண்ணி நீங்கள் வந்திருப்பீர்கள். இன்றைக்கு நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு பயணம். போன ஞாயிற்றுக்கிழமை நம் ஊரிலிருந்து ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாகக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போய் வந்தோமே, அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

புறப்படும்போது தெருமுனையில் நின்ற ஒருவர் கேட்டார்: "வேலை வெட்டி இல்லாதவர்கள் போகிற இடத்துக்கு நீங்கள் எல்லாம் எதற்காகப் போகிறீர்கள்?" அவர் கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அது பதில் சொல்லப்பட வேண்டிய கேள்வி. சரித்திரம் நடந்த இடத்தைப் பார்க்கப் போவது பணமும் பொழுதும் உள்ளவர்களுக்கு மட்டும் உரிய காரியமா? நாற்று நடுகிறவளும், வெங்காயம் ஆய்கிறவளும், நூல் இழுக்கிறவனும் தம் குழந்தை குட்டிகளோடு அங்கே போய் நிற்க என்ன பாத்தியதை இருக்கிறது? எல்லாப் பாத்தியதையும் இருக்கிறது என்பதே நம் பதில். அது எப்படி என்று பார்ப்போம்.

நமக்குக் கோட்டை புதிது அல்ல. பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை போகிற பெருஞ்சாலையிலிருந்து பார்த்தாலே தெரியும். பஸ்ஸில் போகும்போதெல்லாம் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் தூங்கிவிடுவோம். இறங்கிப் போய்ப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஞாயிற்றுக்கிழமை கேட்டபோது, அறுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர், "பிறந்ததிலிருந்து இந்தப் பக்கம் களை வெட்ட வந்திருக்கிறேன், உள்ளே போனது இல்லை" என்றார்.

உள்ளே என்ன இருக்கிறது? சிறிய கற்குன்றின் மேல் நீளவாக்கில் வளைத்துக் கட்டிய கோட்டை அது. வெளியே அகலமான அகழி. உள்ளே படிப்படியாக உயர்ந்துகொண்டு போகும் மதில்கள், ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அரண். மதிலில் இடைவெளி விட்டு அரைவட்டமாகப் புடைத்து நிற்கும் கொத்தளங்கள். கல்லைச் சதுரமாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று பொருந்த அடுக்கியிருக்கிறார்கள். உச்சியில் ஏறி நின்றால் நாலா பக்கமும் சோளக் காடும் பருத்திக் காடும், கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் தெரிகின்றன. எதற்காக அங்கே கட்டினான் என்று அப்போதே விளங்கிவிடுகிறது. எந்த ஊரிலிருந்து எவன் வந்தாலும் தெரியும். எந்தக் களத்தில் எவ்வளவு தானியம் குவிந்திருக்கிறது என்பதும் தெரியும்!

சரித்திர நூல்கள் சொல்வது இது: இந்தக் கோட்டை 17ஆம் நூற்றாண்டில் கர்நாடக நவாபுகளுக்குக் கட்டுப்பட்ட ஒரு ஜாகீர்தாரால் கட்டப்பட்டது. இப்போது அதைப் பாதுகாத்து வருவது மத்திய சர்க்காரின் தொல்லியல் துறை.

ஜாகீர்தார் கட்டினாராம்! பள்ளிக்கூடம் போகிற நம் பெண் குழந்தை ஒன்று அங்கேயே கேட்டுவிட்டது: "அவர் ஒருவரே எப்படி இவ்வளவு கல்லையும் தூக்கினார்?" எல்லோரும் சிரித்தோம். ஆனால் தோழர்களே, பெரிய பெரிய புஸ்தகங்களுக்குத் தோன்றாத கேள்வி அந்தக் குழந்தைக்குத் தோன்றியிருக்கிறது.

நம்மோடு வந்தவர்களில் கல்லுடைக்கும் தொழிலாளி ஒருவர் இருந்தார். அவர் மதிலைத் தடவிப் பார்த்துவிட்டு, கல் வேலை எப்படி நடக்கும் என்று குழந்தைகளுக்குச் சொன்னார். பாறையில் வரிசையாகக் குழி அடிக்க வேண்டும். குழிதோறும் ஆப்பு இறக்கிச் சம்மட்டியால் மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். பாறை ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் இன்னும் எத்தனை அடியில் பிளக்கும் என்று தெரியும். பிளந்த கல்லை உளியால் கொத்திச் சதுரம் ஆக்க வேண்டும். பிறகு உருளைக் கட்டையும் வடமும் போட்டு மேட்டுக்கு ஏற்ற வேண்டும். வடம் அறுந்தால் கீழே நிற்கிறவன் பிழைக்க மாட்டான். "ஒரு கல்லுக்கே இவ்வளவு வேலை. இங்கே எத்தனை கல் இருக்கிறது, எண்ணுங்கள்" என்றார். குழந்தைகள் எண்ண ஆரம்பித்து, நூறு தாண்டியதும் விட்டுவிட்டார்கள்.

அந்தக் கல்லை உடைத்தவன் பெயர் எங்கே? அகழி வெட்டி மண் சுமந்த பெண்ணின் பெயர் எங்கே? சுவர் முழுவதும் தேடினாலும் கிடைக்காது. கோட்டைச் சுவரில் நம் பெயர் இல்லை. ஆனால் சுவரே நம்முடையது!

"வேலை வெட்டி" என்று அந்த நண்பர் சொன்னாரே, அந்த "வெட்டி" என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். இன்றைக்கு அதற்குப் பயனற்றது என்று அர்த்தம். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் வெட்டி என்றால், ஆளுகிறவனுக்குக் குடிமக்கள் கூலி இல்லாமல் செய்து தீர வேண்டிய உழைப்பு. ஏரிக்கரை, கோட்டை, பாதை எல்லாவற்றுக்கும் ஆள் பிடித்துக்கொண்டு போவார்கள். பிற்காலத்தில் இதையே அமஞ்சி என்றார்கள். "என்னை என்ன அமஞ்சிக்கா பிடித்தாய்?" என்று கிராமத்துப் பெரியவர்கள் கேட்பது அந்த வேதனையின் மிச்சந்தான். கூலி வாங்காமல் செய்த உழைப்பு, காலப்போக்கில் "வெட்டி வேலை" என்று ஆகிவிட்டது. உழைத்தவனுக்குக் கூலியும் இல்லை. உழைப்புக்கு மரியாதையும் இல்லை. ஒரு சொல்லுக்குள்ளே எவ்வளவு பெரிய அநியாயம் ஒளிந்துகொண்டிருக்கிறது, பாருங்கள்!

அடுத்தது யுத்தம். 1751ஆம் வருஷம் இந்தக் கோட்டையைச் சுற்றியும், பக்கத்தில் உள்ள வாலிகண்டபுரத்திலும் பெரிய சண்டை நடந்தது. ஆற்காட்டு நவாப் பட்டம் யாருக்கு என்று இரண்டு பேருக்குப் போட்டி. ஒருவர் முகமது அலி. அவருக்குப் பின்னால் இங்கிலீஷ் கம்பெனி. மற்றவர் சந்தா சாகிப். அவருக்குப் பின்னால் பிரெஞ்சுக் கம்பெனி. முதல் மோதலில் இங்கிலீஷ் படை பீதி அடைந்து, ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குப் பின்வாங்கியது. படைக்குச் சாமான் சேகரிக்கும் அலுவலில் ராபர்ட் கிளைவ் என்ற வாலிபனும் அந்தப் படையோடு இருந்தான். அந்தக் கிளைவ்தான் சில வாரங்களுக்குள் ஆற்காட்டைப் பிடித்தான். ஆறு வருஷத்தில், 1757இல், பிளாசியில் வங்காளத்தையே கம்பெனியின் பிடியில் கொண்டுவந்தான். அந்தப் படை ஓடிய பாதையில்தான் இன்றைக்கு நாம் பஸ் ஏறிப் போகிறோம், வருகிறோம்.

1752இல் சந்தா சாகிப் கொல்லப்பட்டார். முகமது அலி ஜெயித்தார். யாருக்கு ஜெயம்? யுத்தச் செலவு முழுவதையும் கம்பெனி அவர் தலையில் கடனாக எழுதியது. கம்பெனி உத்தியோகஸ்தர்கள் தனித்தனியாகவும் அவருக்கு வட்டிக்குக் கொடுத்தார்கள். கடனுக்கு ஈடாக ஜில்லா ஜில்லாவாக நிலவரி வசூல் அடமானம் போயிற்று. கடைசியில் 1801இல் கர்நாடக ராஜ்யம் முழுவதும் கம்பெனி கைக்குப் போனது. பட்டத்துக்குச் சண்டை போட்டவர்கள் இரண்டு பேர். நடுவில் நின்று வட்டி கட்டியவன் உழவன். வட்டிக்கடைக்காரனிடம் கைநாட்டு வைத்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தச் சரித்திரம் சுலபமாகப் புரியும்!

இன்னொரு விஷயத்தையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய கோட்டையைக் காட்டி, "பார், இந்த மதத்துக்காரன் அந்த மதத்துக்காரனை அடக்கி ஆண்டான்" என்று நம் வாலிபர்களிடம் விஷம் ஏற்ற இன்றைக்கு ஆள் இருக்கிறார்கள். 1751இல் நடந்தது என்ன? முகமது அலியும் முஸ்லிம். சந்தா சாகிப்பும் முஸ்லிம். இங்கிலீஷ்காரனும் கிறிஸ்துவன், பிரெஞ்சுக்காரனும் கிறிஸ்துவன். இரண்டு பக்கமும் சிப்பாயாக நின்று செத்தவர்களில் எல்லா மதத்து ஏழைகளும் உண்டு. சண்டைக்கு வேர் நிலவரி. மதத்தை அதில் தேடுகிறவன் நம் பையைத் தேடுகிறான் என்று அர்த்தம்.

தோழர்களே! இந்த இடத்தில் உங்களைக் கொஞ்ச தூரம் அழைத்துப் போக விரும்புகிறோம். ஐரோப்பாவில் பல்கேரியா என்று ஒரு சிறிய தேசம். அதன் நடுவே உள்ள மலைத்தொடரில், கடல் மட்டத்துக்குச் சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில், கோப்ரிவ்ஷ்டிட்சா என்று ஒரு சின்ன ஊர். வாயில் நுழையாத பெயர்தான். நம் சிறுவாச்சூர் பெயரும் அவர்கள் வாயில் நுழையாது! அந்த ஊரை ஏன் சொல்கிறோம் என்றால், கோட்டை கொத்தளம் எதுவும் இல்லாமலே அந்த ஊர் சரித்திரத்தில் ஏறியிருக்கிறது.

சுமார் ஐந்நூறு வருஷ காலம் துருக்கி சுல்தான்களின் ஆட்சியில் இருந்த தேசம் அது. 1876 வசந்த காலத்தில் அங்கே மக்கள் கிளர்ச்சி செய்யத் தயாரானார்கள். குறித்த நாளுக்கு முன்பே துரோகி ஒருவன் காட்டிக்கொடுத்துவிட்டான். தலைவர்களைப் பிடிக்க ஆள் வந்தது. கோப்ரிவ்ஷ்டிட்சா மக்கள் காத்திருக்கவில்லை, அன்றைக்கே எழுந்துவிட்டார்கள். ஓர் ஓடையின் மேல் இருந்த சின்னக் கல் பாலத்தருகே முதல் வேட்டு வெடித்தது. தோதர் கப்லெஷ்கோவ் என்ற இருபத்தைந்து வயது வாலிபர் அடுத்த ஊருக்குக் கடிதம் எழுதினார். முதலில் விழுந்தவனின் ரத்தத்தால் அதில் அடையாளம் இட்டார். அவர் ரயில் ஸ்டேஷனில் வேலை பார்த்தவர். அதே ஊரில் பிறந்த இன்னொரு தலைவர் கியார்கி பென்கோவ்ஸ்கி. அவர் தையல் தொழில் கற்றவர். பீரங்கிக்கு வழியில்லை. செர்ரி மரத்தைக் குடைந்து, இரும்புப் பட்டை போட்டுப் பீரங்கி செய்தார்கள்!

கிளர்ச்சி ரத்த வெள்ளத்தில் நசுக்கப்பட்டது. பென்கோவ்ஸ்கி கொல்லப்பட்டார். கப்லெஷ்கோவ் பிடிபட்டுச் சிறையில் உயிர் துறந்தார். பதாக் என்ற மலையூரில் சுல்தான் பக்கத்து அடியாள் படை, மாதா கோயிலுக்குள் அடைக்கலம் புகுந்த பெண்களையும் குழந்தைகளையும்கூட விடவில்லை. கோப்ரிவ்ஷ்டிட்சாவில் இருந்த செல்வந்தர்கள் படைக்குப் பணம் கொடுத்துத் தங்கள் வீடுகளைக் காப்பாற்றிக்கொண்டார்கள். எந்த ஊரிலும் பணக்காரன் புத்தி ஒன்றுதான்! ஆனால் அந்தச் செய்தி உலகம் முழுவதும் பரவியது. இரண்டு வருஷத்துக்குள், 1878இல், அங்கே சுல்தான் ஆட்சி முடிந்தது. அங்கேயும் நாம் கவனிக்க வேண்டியது உண்டு: கொடுமை செய்தது சுல்தானின் ஆட்சி. துருக்கியில் ஏர் பிடித்த விவசாயியும் அதே ஆட்சியில் வரி கட்டி வாடியவன்தான்.

இன்றைக்கு அந்த மலையூருக்குக் குடும்பம் குடும்பமாக மக்கள் போகிறார்கள். கப்லெஷ்கோவ் பிறந்த வீடு, பென்கோவ்ஸ்கி பிறந்த வீடு எல்லாம் காட்சி வீடுகளாக இருக்கின்றன. தையல்காரர் பிறந்த வீடு இது, முதல் வேட்டு வெடித்த பாலம் இது என்று தகப்பன் பிள்ளைக்குக் காட்டுகிறான். இன்னார் அரசர், இன்னார் தளபதி என்று சொல்லவேண்டிய தேவையே அங்கே இல்லை.

"அங்கே இருக்கிறது, நமக்கு எங்கே இருக்கிறது?" என்று கேட்கிறீர்களா? இருக்கிறது தோழர்களே, நிறைய இருக்கிறது.

மில் தொழிலாளத் தோழர்களே! கோவைக்குப் பக்கத்தில் சின்னியம்பாளையம் இருக்கிறது. பஞ்சாலைத் தொழிலாளிகளான ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய நான்கு பேரை 1946 ஜனவரி 8ஆம் தேதி கோவைச் சிறையில் வெள்ளை சர்க்கார் ஒரே நாளில் தூக்கில் போட்டது. சேலம் சிறை இருக்கிறது. அங்கே 1950 பிப்ரவரி 11ஆம் தேதி கைதிகளாக இருந்த 22 தோழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வெள்ளைக்காரன் போய் இரண்டரை வருஷம் ஆன பிறகு!

விவசாயத் தொழிலாளத் தோழர்களே! கீழ்வெண்மணி இருக்கிறது. அரைப்படி நெல் கூடக் கேட்டதற்காக, செங்கொடியை இறக்க மறுத்ததற்காக, 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு ஒரு குடிசைக்குள் 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். பல்கேரியாவின் பதாக்கைப் பற்றிக் கேட்டபோது நம் தாய்மார்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களே, அது வெண்மணி நினைவு வந்ததால்தான். ஒவ்வொரு டிசம்பர் 25ஆம் தேதியும் ஆயிரக்கணக்கானோர் அங்கே போய் அஞ்சலி செலுத்துகிறார்கள். நம் ஊரிலிருந்து இதுவரை ஆண்கள் இரண்டொருவர்தான் போய் வந்திருக்கிறோம். இனிக் குடும்பத்தோடு போக வேண்டும். தகப்பன் போய் வந்து திண்ணையில் சொல்வது வேறு. தாயும் மகளும் அந்த மண்ணில் நிற்பது வேறு.

சரி, போகலாம். ஆனால் எப்படிப் போவது? இதுதான் முக்கியமான விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை ரஞ்சன்குடிக்கு வர ஆசைப்பட்டு வராமல் போனவர்கள் பலர். ஒரு தாய் சொன்னார்: "எல்லோரும் போனால் இரண்டு ஆள் கூலி போய்விடும், பஸ் சார்ஜ் வேறே." கோட்டை நமக்கு 25 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அது ஒரு நாள் கூலி தூரத்தில் இருக்கிறது! நம் பெண்கள் வாழ்நாளெல்லாம் அந்தக் கோட்டை அடிவாரத்தில் களை வெட்டியும் உள்ளே போகாததற்குக் காரணம் ஆசை இல்லாமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சம்பளத்தோடு லீவு என்ற உரிமை தானாக வந்தது அல்ல. எட்டு மணி நேர வேலைக்காக உலகம் எங்கும் தொழிலாளிகள் போராடிய வழியில் வந்தது. நம் நாட்டில் 1948ஆம் வருஷத்துப் பாக்டரிச் சட்டம், வருஷத்தில் 240 நாள் வேலை செய்த தொழிலாளிக்கு, 20 நாளைக்கு ஒரு நாள் வீதம் மறு வருஷத்தில் சம்பளத்தோடு லீவு என்று எழுதியது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொகுப்புச் சட்டத்துக்குள் இப்போது அந்தச் சட்டம் அடக்கப்பட்டுவிட்டது. லீவு என்ற வார்த்தை அதிலும் இருக்கிறது. ஆனால் காண்டிராக்ட் என்றும், பயிற்சியாளர் என்றும் பெயர் சூட்டி வேலை வாங்கும் மில்லில் அந்த வார்த்தை கேட்டுக்குள் நுழைவதே இல்லை என்பதை இங்கே உள்ள மில் தோழர்கள் அறிவார்கள்.

வயலில் வேலை செய்கிறவருக்கோ அந்த வார்த்தைகூட இல்லை. மழை பெய்தால் லீவு. அதற்குக் கூலி கிடையாது. காய்ச்சல் வந்தால் லீவு, அதற்கும் கிடையாது. அறுப்பு முடிந்தால் மாதக் கணக்கில் லீவு. அதன் பெயர் பட்டினி.

பல்கேரியாவில் 1944க்குப் பிறகு தொழிற்சங்கங்கள் மலைகளிலும் கடற்கரையிலும் ஓய்வு இல்லங்கள் நடத்தின. தொழிலாளி சம்பள லீவில் குடும்பத்தோடு குறைந்த செலவில் போய்த் தங்கி வந்தான். 1989க்குப் பிறகு அந்த ஆட்சி மாறியது. அந்த ஏற்பாடுகளும் குலைந்துபோயின. வென்றெடுத்த உரிமை காவல் இல்லாவிட்டால் கைநழுவிப் போகும் என்பதற்கும் அந்தத் தேசம் பாடமாக நிற்கிறது. ஆனால் உழைக்கிறவன் குடும்பத்தோடு மலையூருக்குப் போய் வர முடியும் என்பது கனவு அல்ல, நடந்த காரியம். நடந்த காரியம் மறுபடியும் நடக்கும்.

ஆகவே இந்தக் கூட்டத்தில் சில விஷயங்களை நாம் முடிவு செய்வோம்.

முதலாவது, விவசாயத் தொழிலாளிக்கும் வருஷத்தில் சில நாட்களாவது கூலியோடு லீவு வேண்டும் என்ற கோரிக்கையை நம் கூலிக் கோரிக்கையோடு சேர்த்து எழுப்புவோம். சிலர் சிரிப்பார்கள். எட்டு மணி நேர வேலை கேட்டபோதும் சிரித்தார்கள்.

இரண்டாவது, கோட்டை மதிலில் யாரும் பெயரைக் கிறுக்கக்கூடாது. நம் முப்பாட்டன் கொத்திய கல்லை நாமே சிதைக்கலாமா? கல்லின் மேல் பெயர் எழுதுவதை விட்டு, கட்டியவனின் கதையை நோட்டுப் புஸ்தகத்தில் எழுதுவோம். ஊரில் உள்ள பெரியவர்களிடம் அமஞ்சியைப் பற்றி, பண்ணை வேலையைப் பற்றி, முதன்முதலில் சங்கம் வைத்ததைப் பற்றிக் கேட்டு, பள்ளிக்கூடம் படிக்கும் குழந்தைகள் எழுதி வரட்டும். பெரியவர்கள் போய்விட்டால் எந்தக் கல்வெட்டிலும் அது கிடைக்காது.

மூன்றாவது, கோட்டை வாசலில் கட்டியவர்களைப் பற்றியும் இரண்டு வரி தமிழில் எழுதி வைக்கும்படி தொல்லியல் துறைக்கு நாம் எல்லோரும் கையெழுத்திட்டு மனு அனுப்புவோம். "பெயர் தெரியாத கல் தொழிலாளிகளும் மண் சுமந்த பெண்களும் கட்டிய கோட்டை" என்று அதில் இருக்கட்டும். கைநாட்டு வைக்கிறவர்கள் கைநாட்டு வையுங்கள். அந்தக் கையால்தான் கோட்டை கட்டப்பட்டது.

நான்காவது, வருகிற டிசம்பர் 25 வெண்மணிக்கு. வாரத்துக்கு ஒரு குடும்பம் பத்து ரூபாய் வீதம் உண்டியலில் போடுவோம். அதை மாதர் தோழர்கள் வைத்துக் கணக்குப் பார்க்கட்டும். முடியாத குடும்பத்துக்கு மற்றவர்கள் சேர்ந்து கொடுப்போம். கூலி போகிறதே என்று எந்தத் தாயும் திண்ணையில் நின்றுவிடக்கூடாது.

முதல் வாரப் பணத்தை இப்போதே போடுகிறவர்கள் போடலாம். பெயர் எழுத நோட்டு தயாராக இருக்கிறது.